பாகான் டத்தோவில் ஒரு பாட்டு, பதினாறு ஆவர்த்தனம்

பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காரில் ஓடிக்கொண்டிருந்த வானொலியை அணைத்தேன். வானொலியில் வேலை பார்ப்பவள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். வாரத்தில் ஆறு நாள் நானே பேசித் தீர்க்கிறேன். ஏழாவது நாள் இன்னொரு அறிவிப்பாளரின் குரலைக் கேட்டால், எங்கே மூச்சு விடுகிறார், எங்கே தடுமாறுகிறார் என்றுதான் காது போகும்.

பின் இருக்கையில் அக்கா மகன். பத்தொன்பது வயது. மடியில் ஆல்டோ சாக்சபோன் பெட்டி, காதில் இயர்போன். கிள்ளானில் ஏறியவன் ஊத்தான் மெலிந்தாங் வரும்வரை மூன்று வார்த்தைதான் பேசினான். "சித்தி, எங்க நிப்பாட்டுவீங்க?" கோலசிலாங்கூரில் நிறுத்தினேன். ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று. மறுபடியும் இயர்போன்.

ஊத்தான் மெலிந்தாங் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் இடப்பக்கம் திரும்பினால் பாகான் டத்தோ சாலை. முதலில் செம்பனை, பிறகு செம்பனையும் தென்னையும், கடைசியில் தென்னையே தென்னை. சாலை ஓரம் உரித்த தேங்காய் மலைபோல் கிடக்கும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் வீடுகளில் துருவுகிற தேங்காயில் நிறைய இந்த வட்டாரத்தில் காய்த்ததுதான். 2017-இல் பேராவின் பன்னிரண்டாவது மாவட்டமாக இதை அறிவித்தார்கள். இப்போது புதிய கட்டடங்கள், அகலச் சாலைகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பிரதான சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் பழைய தோட்டம் அப்படியே இருக்கிறது. வாய்க்கால், அதன்மேல் பலகைப் பாலம், கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கும் மண்கரை, கரைக்கு இந்தப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில்.

அந்தக் கோயிலில் நாற்பது வருடத்துக்கும் மேலாக நாதஸ்வரம் வாசிப்பவர் என் பெரிய மாமா. அம்மாவின் மூத்த அண்ணன். அவரைப் பார்க்கத்தான் போனோம். உண்மையைச் சொன்னால், இரண்டு பேரும் இரண்டு காரியமாகப் போனோம்.

என் காரியம் கடன். பத்து வருடத்துக்கு முன், இளங்கலை முடித்துவிட்டு வானொலியில் சேர்ந்த புதிதில், "மாமா, உங்க வாசிப்ப வச்சு ஒரு நிகழ்ச்சி பண்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன். தோட்டத்துக் கோயில் இசை, அதை வாசித்தவர்கள், மைக் இல்லாத காலத்தில் சாமி புறப்பாடு எப்படி நடந்தது என்றெல்லாம் பேச்சு. அடுத்த மாதம் என்றேன். அடுத்த தைப்பூசம் என்றேன். போன மாதம் அம்மா போனில் சொன்னார்: "மாமாவுக்கு மேல் வரிசையில முன்பல் ரெண்டும் ஆடுதாம். டாக்டர் பிடுங்கணும்ங்கிறார். திருவிழா முடியட்டும்னு ஒத்திப் போட்டிருக்கார்." சீவாளியை உதடுதான் பிடிக்கிறது. அந்த உதட்டுக்குப் பின்னால் நிற்பது பல். போனை வைத்ததும் ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்கலம் வாங்கப் போய்விட்டேன்.

அக்கா மகனின் காரியம் வேறு. போன டிசம்பரில் கோலாலம்பூரில் ஓர் இசைக் கல்லூரியின் ஜாஸ் பிரிவுத் தேர்வுக்குப் போனான். அவன் ஐபேடில் அறுபத்து மூன்று பாட்டுக்கு நோட்டு இருந்தது. வரிசையாக வாசித்து முடித்தவை. தேர்வாளர் ஒருவர் ஐபேடை மெதுவாக மூடிவிட்டு, "இப்போ வாசி" என்றாராம். பன்னிரண்டாவது பாரில் நின்றுவிட்டான். எங்கே நிற்கிறோம், அடுத்து என்ன கார்டு, ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்தில் மறுதேர்வு. இதிலும் விட்டால் மின்சாரத் துறை டிப்ளோமாவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊடகப் படிப்பு என்றபோது என் வீட்டிலும் இதே முகங்கள்தான்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பாட்டு. பெரும்பாலும் 32 பார் நீளம். அந்தப் பாட்டுக்கு அடியில் வரிசையாக மாறிக்கொண்டே போகும் கார்டுகள். முதலில் பாட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு கார்டு வரிசை அப்படியே சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் வாசிப்பவர் அந்தக் கணத்தில் புது மெட்டைக் கட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் மறுபடி பாட்டுக்கு வந்து முடிப்பார்கள். கச்சேரியில் கல்பனாஸ்வரம் கேட்டிருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த விளையாட்டு. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதை மாமாவே கண்டுபிடித்தார், பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். மாமி சுட்ட கருவாட்டோடு சோறு போட்டார். மாமா பையனின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாக்சபோனை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன சாவி! நம்மகிட்ட ஏழு ஓட்டைதான் வேலை செய்யுது." தன் வாத்தியத்தைக் காட்டினார். ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனம், தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அப்படியா, விலையை ஏத்திருப்பானுங்களே" என்றார்.

மாலையில் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனோம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடிவரும் பேரா ஆறு இங்கேதான் மலாக்கா நீரிணையில் விழுகிறது. படித்துறையில் நின்றால் எது ஆறு, எது கடல் என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே மண் நிறம். மீன்பிடிப் படகுகள் வரும் நேரத்தில் போனால் இறாலையும் நண்டையும் அங்கேயே பார்க்கலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஏழரைக்குள் வெளிச்சம் போய்விடும், கொசு வந்துவிடும். கடலுக்குள் ஒன்பது தீவுகள் சேர்ந்த புலாவ் செம்பிலான் இருக்கிறது. அதற்குப் படகு பேசிப் போகவேண்டும். எங்களுக்கு நேரமில்லை.

படித்துறையில் பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். மாமா கேட்டார்: "இப்போ என்ன பாட்டு படிக்கிற?"

"ஆட்டம் லீவ்ஸ், தாத்தா. தேர்வுல கேட்டா இதத்தான் வாசிக்கணும்னு இருக்கேன்."

"அப்படின்னா?"

"இலை உதிர்ற காலம். குளிருக்கு முன்னாடி மரத்துல இலையெல்லாம் கொட்டுமே, அது."

மாமா சற்று யோசித்தார். "பால்மரம் இலை கொட்டுற மாசமா? அப்போ பால் குறைஞ்சிடும். கூலியும் குறைஞ்சிடும். சோகப் பாட்டா இருக்கும்."

சோகப் பாட்டுதான். 1945-இல் பிரான்சில் ஜோசப் கோஸ்மா மெட்டமைத்தது. குளிரே இல்லாத இந்த ஊரில் அந்தப் பெயரின் பொருள் தெரிய, பால்மரம் வெட்டியவர் ஒருவர் வேண்டியிருந்தது. மாமா இளமையில் தெலுக் இந்தான் பக்கம் பால்மரம் வெட்டியவர். இந்த வட்டாரமே அப்படித் தொடங்கியதுதான். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தை 1906-இல் டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ரப்பருக்காகத்தான் ஆரம்பித்தார். பிறகு தென்னை, பிறகு செம்பனை. மரம் மாறும்போதெல்லாம் நம் ஆட்களின் கையில் கத்தியும் மாறியது.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு மாமாவின் சாதகம். மண்கரையோரம் ஒரு பழைய கொட்டகை. நான் பதிவுக் கருவியை மூங்கில் கழியில் கட்டினேன். பையன் தூக்கக் கலக்கத்தோடு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

முதல் இருபது நிமிடம் மாமா வாத்தியத்தை எடுக்கவே இல்லை. சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துவிட்டுப் பாடினார். கல்யாணி. குரல் நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு பிடியும் தெளிவாக விழுந்தது. பிறகு நாயனத்தை எடுத்து, பாடியதையே வாசித்தார். அதுவும் மேலே ஏறவில்லை. காந்தாரத்திலேயே பத்து நிமிடம். அதைச் சுற்றி மூன்று சுரம். வேறு ஒன்றும் கிடையாது. கேட்கிற நமக்குத்தான் அவசரம், எப்போது மேலே போவார் என்று. அவர் போகவில்லை.

இடைவெளியில் பையன் கேட்டான்: "தாத்தா, ஒரு நாளைக்கு எத்தன ராகம் சாதகம் பண்ணுவீங்க?"

"திருவிழா வரைக்கும் இது ஒண்ணுதான்."

"அதுவரைக்குமா?"

"வாயில வராதது சீவாளியில வராது, தம்பி. இதுவே இன்னும் வாயில சரியா வரல."

பையன் என்னைப் பார்த்தான். அறுபத்து மூன்று பாட்டு அவன் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஜாஸ் பயிற்சி பற்றி அனுபவமுள்ள வாசிப்பாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பாட்டை நோட்டிலிருந்து எடுக்காதே. பழைய பதிவு இரண்டு மூன்றைத் திரும்பத் திரும்பக் கேள், பாடு. பாட வந்த பிறகு வாத்தியத்தில் தேடு. சொற்கள் உள்ள பாட்டு என்றால் சொற்களையும் மனப்பாடம் செய், எங்கே மூச்சு விடுவது என்று அது சொல்லும். அடுத்து, மெட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு கார்டின் அடிச் சுரத்தை மட்டும் பாடு. அது வந்த பிறகு கார்டின் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் பிடி. இது மேஜரா மைனரா, ஓய்கிறதா அடுத்ததை நோக்கித் தள்ளுகிறதா என்று காட்டிக்கொடுப்பவை அந்த இரண்டும்தான். பியானோக்காரர் பத்து விரலில் கார்டைக் காட்டிவிடுவார். சாக்சபோனில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். அதனால் எந்தச் சுரத்தில் நிற்கிறோம் என்பது அவனுக்கு வாழ்வா சாவா.

இதையெல்லாம் பையனும் படித்திருக்கிறான், யூடியூபில் பார்த்திருக்கிறான். செய்ததில்லை. பின்னணி இசை தரும் ஆப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் வாசித்துக்கொண்டிருந்தான். அந்த ஆப் மோசமில்லை. ஆனால் கார்டை அது வாசிக்கிறது, தாளத்தை அது பிடிக்கிறது, பாட்டு எங்கே நிற்கிறது என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்கிறது. வாசிப்பவன் பயணிபோல் உட்கார்ந்திருக்கலாம். ஐபேடை மூடியபோது இறங்கிய இடம் எதுவென்று தெரியாமல் நின்றது இதனால்தான்.

காலைப் பசியாறும்போது மாமாவுக்கு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். வானொலிக்காரி என்பதால் இந்தக் கதை என்னிடம் பல நாளாக இருந்தது. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்சபோன் கலைஞர், 1923-இல் பாஸ்டனில் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963 இசைத்தட்டில் வாசித்தவர். அவர் 1960களில் நம் ரேடியோ மலேசியா இசைக்குழுவோடு வேலை செய்யக் கோலாலம்பூர் வந்தார். இங்கேதான் நாதஸ்வரம் அவர் காதில் விழுந்தது. விட்டாரா? வாத்தியத்தைக் கற்கத் தொடங்கி, பிறகு தென்னிந்தியாவுக்கே போய்ப் படித்தார். எம்பிரியோ என்ற ஜெர்மன் குழுவின் 1973 இசைத்தட்டில் நாதஸ்வரம் ஒலிக்கிறதே, அது அவர் மூச்சு. 1983-இல் பாடகி ஆர்.ஏ.ராமமணியோடும் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷன் கலைஞர்களோடும் 'ஜோதி' என்ற தட்டை வெளியிட்டார். 2009-இல் ஜெர்மனியில் காலமாகும்வரை வாசித்தார். ஏற்கெனவே பெயர் வாங்கிய வாசிப்பாளர், நாற்பது வயதுக்கு மேல், உதடு வலிக்க வலிக்கச் சீவாளி பிடிக்கப் பழகினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

மாமா கண்ணை மூடிக் கேட்டார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"மூச்சு இருக்கு. கமகம் இன்னும் கொஞ்சம் உக்காரணும்." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "ஆனா வெள்ளக்காரன்னு தெரியாம கேட்டிருந்தா, யாரோ பழைய ஆளுன்னு நெனச்சிருப்பேன்."

எதிர்த்திசையில் கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும், 'டூயட்' படத்தை மறந்திருக்கமாட்டீர்கள். 1980-இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அவர் வாசித்தார். 2008-இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரோடு 'கின்ஸ்மென்' தட்டு வந்தது. நம் நாட்டிலேயே டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1979-இல் ஏசியாபீட் குழுவைத் தொடங்கினார். ஆக, பாகான் டத்தோ கொட்டகையில் அன்று மதியம் நடந்தது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அதிசயம்.

மதியம் தவில்காரர் வந்தார். செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார், வார இறுதியில் தவில். மாமா பையனிடம், "உன் இலைப் பாட்டை வாசி, கேப்போம்" என்றார். பையன் ஐபேடை எடுக்கப் போனான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தார். பையன் கையை இழுத்துக்கொண்டான்.

வாசித்தான். மெட்டு மட்டும். எட்டு பார் ஒழுங்காக வந்தது, அதற்கே நெற்றியில் வேர்வை.

"நில்லு" என்றார் மாமா. "இது ஒரே பிடிதானே? மூணு சுரம் ஏறி, தாவி ஒரு எடத்துல நிக்கிற. மறுபடி அதே பிடி, ஒரு படி கீழ. மறுபடி, இன்னொரு படி கீழ. நாலு தடவ. நிக்கிற எடத்த மட்டும் வாசி."

பையன் வாசித்தான். நான்கு நீண்ட சுரங்கள், படிப்படியாக இறங்கின. ஈ ஃபிளாட், டி, சி, பி ஃபிளாட். வாசித்து முடித்ததும் அவன் வாயிலிருந்து சாக்சபோன் இறங்கியது. "சித்தி, இது நாலும் மூணாவது சுரம்! சி மைனருக்கு மூணாவது, பி ஃபிளாட்டுக்கு மூணாவது, ஏ-க்கு, ஜி மைனருக்கு. நா தனியா உக்காந்து மூணாவது சுரத்த மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன், அது பாட்டுலயே இருக்கு!"

அறுபத்து மூன்று பாட்டில் ஒன்றை அவன் முதல்முறையாகக் கேட்டான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு தாளம். தவில்காரர், "இது என்ன கணக்கு?" என்று கேட்டார். பாருக்கு நான்கு அடி, 32 பார், மொத்தம் 128. தவில்காரர் விரலில் எண்ணவில்லை, கண்ணை ஒருமுறை சிமிட்டினார். "ஆதி தாளம் பதினாறு ஆவர்த்தனம். நாலு நாலா நாலு பகுதி. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். மெல்லத் தட்டத் தொடங்கினார். நான் கையில் தாளம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பை விட்டு ஓடியவள் நான், இருபத்தைந்து வருடம் கழித்துத் தண்டனை.

மாமா பையனிடம், ஒவ்வொரு கார்டுக்கும் ஆதாரச் சுரம் எது என்று பாடிக்காட்டச் சொன்னார். பாடினான். சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ, டி, ஜி. இங்கேதான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாருக்குப் பாரு ஆதாரமே மாறுதா? அப்போ எங்கதான் நிக்கிறது?"

நான் முன்பு சொன்ன வித்தியாசம் இதுதான். நம் இசையில் சட்ஜம் தரை. சுருதிப் பெட்டி அதை விடாமல் காட்டிக்கொண்டே இருக்கும், அதன்மேல் ராகத்தை எவ்வளவு உயரமும் கட்டலாம். ஜாஸில் தரையே நகர்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. ஒன்றில்லை. மாமாவின் பொறுமை பையனுக்கு உதவும். மாமாவின் ஆலாபனை அவனுக்கு அப்படியே உதவாது. நகரும் தரையில் எங்கே கால் வைப்பது என்பதை அவன்தான் படிக்கவேண்டும்.

பையன் அவருக்கு விளக்கினான். விளக்க விளக்க அவனுக்கே தெளிந்தது. "தாத்தா, இந்தக் கார்டுல ஏழாவது சுரம் இருக்குல்ல, அது அரைப் படியோ ஒரு படியோ இறங்கினா, அடுத்த கார்டோட மூணாவது சுரம் வந்துடும். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி." சி மைனர் 7-இன் பி ஃபிளாட், ஏ-வாக இறங்கியது. அது எஃப் 7-இன் மூன்றாவது. மாமா அதைப் பாடிப் பார்த்தார். ஒருமுறை, இருமுறை. "ஓ, வாசல்லயிருந்து வாசலுக்குப் போறியா" என்றார்.

சுருதிப் பெட்டியை யாரும் அணைக்கவில்லை. இரண்டு கட்டை என்றால் டி. ஏழு கார்டு மாறியும் அந்த டி எதோடும் சண்டை போடவில்லை. சிலவற்றில் அது கார்டின் உள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் மேலே அழகாக ஒட்டிக்கொள்கிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. வேறு சுருதியில் மாமா வைத்திருந்தால் காது கூசியிருக்கும்.

மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை அந்த ஒரு பாட்டு. மாமா அவனுக்கு மூன்று சுரம்தான் கொடுத்தார். முதல் நான்கு ஆவர்த்தனத்துக்கு அந்த மூன்றில்தான் கற்பனை செய்யவேண்டும். பையன் முதலில் திணறினான், வேகமாக ஓடப் பார்த்தான். தவில்காரர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். ஓட வழியில்லாமல் போனதும் அவன் இடைவெளி விடத் தொடங்கினான். இடைவெளி விட்ட பிறகுதான் வாசிப்பு மாதிரி கேட்டது. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். புதிதாக வரும் அறிவிப்பாளர்கள் ஒரு வினாடி மௌனத்துக்குப் பயந்து எதையாவது கொட்டுவார்கள். நானும் கொட்டியிருக்கிறேன், அந்தப் பதிவுகளை எனக்குத் திரும்பப் போட்டுக் காட்டிய மூத்தவருக்கு இன்றும் நன்றி.

அதனால் அவனுக்கு நான் கொடுக்கமுடிந்த ஒரே பாடத்தைக் கொடுத்தேன். அவன் வாசித்ததைப் பதிவு செய்து, "இன்னைக்குக் கேக்காத. நாளைக்குக் கேளு" என்றேன். வாசித்த அன்று கேட்டால் நினைத்ததுதான் கேட்கும். மறுநாள் வாசித்தது கேட்கும்.

மூன்று வாரத்துக்கான திட்டத்தை மாமி கொடுத்த காலண்டர் தாளின் பின்புறம் அவனே எழுதினான். இந்த ஒரு பாட்டு மட்டும். காலையில் வாத்தியமில்லாமல் பாட்டு, அடிச் சுரம். பிறகு மிக மெதுவாக மூன்றாவதும் ஏழாவதும். ஒரு நாளைக்கு ஒரு சுருதி, பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு சுருதி. மெட்ரோனோம் நான்கு அடியிலும் தட்டாமல் இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் தட்டவேண்டும், மீதியை அவன் சுமக்கவேண்டும். ஆப் வாரத்துக்கு ஒருநாள். கடைசி வரியை மாமா சொல்லச் சொல்ல எழுதினான்: "மூணாவது பகுதியிலயிருந்து ஆரம்பிக்கணும். நடுவுல எழுப்பிவிட்டாலும் வழி தெரியணும்."

என் கருவியில் காலைச் சாதகம் நாற்பத்தேழு நிமிடம் பதிவாகியிருந்தது. கடல்காற்று அடிக்கிறது, முப்பதாவது நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது, மாமா ஓரிடத்தில் பல் வலியில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, அதே பிடியை மறுபடி தொடங்குகிறார். எதையும் வெட்டப்போவதில்லை. திருவிழா அன்றும் போகிறேன், மல்லாரியோடு அம்மன் புறப்படுவதைப் பதிவு செய்ய. அதற்குப் பிறகு பல் போகும். புதுப் பல் கட்டி வாசிப்பவர்கள் உண்டு என்றேன். "பாப்போம் பாப்பா" என்றார். அவரிடம் கற்றுக்கொள்ள இப்போது தோட்டத்தில் யாரும் இல்லை. பிள்ளைகள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பெரிய கோயில்கள் தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை வரவழைத்துக்கொள்ளும். சின்னக் கோயில்கள் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிடும்.

கிளம்பும்போது மாமி பத்துத் தேங்காயைக் காரில் ஏற்றினார். மாமா பையனின் தோளில் கை வைத்து, "தேர்வு முடிஞ்சு, பாஸோ பெயிலோ, திருவிழாவுக்கு வா. ஒத்து ஊத ஆள் இல்ல" என்றார்.

"ஒரே சுரம்தானே தாத்தா?"

"ஒரே சுரம்தான். ரெண்டு மணி நேரம்."

திரும்பும் வழியில் பையன் முன் இருக்கையில் உட்கார்ந்தான். இயர்போன் பையில் இருந்தது. சபாக் பெர்ணம் தாண்டி நெல்வயல் வந்ததும், கண்ணாடியை இறக்கிவிட்டு அடிச் சுரங்களைப் பாடத் தொடங்கினான். சி, எஃப், பி ஃபிளாட். நான் ஸ்டியரிங்கில் ஆதி தாளம் போட்டேன். மூன்றாவது பகுதியில் தப்பினான். மறுபடி முதலிலிருந்து தொடங்கப் போனான்.

"மூணாவதுலயிருந்து" என்றேன்.

தஞ்சோங் காராங் வரும்வரை அந்த நான்கு ஆவர்த்தனத்தையே பாடிக்கொண்டு வந்தான். இன்னும் தப்பாகத்தான் பாடினான். தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.